தாதிய உத்தியோகத்தர் ஒருவர் சுகாதாரத் தகவலியல் படிப்பதில் பயன் உண்டா?

வினா: வாவிக்கரை (மட்டக்களப்பு)

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்து ஆதார வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ விடுதியில் ஆறு ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். தாதியர் கல்லூரியில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்தவள், பட்டம் பெறவில்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்ததனால் கணினியை ஒரு பாடமாகக் கற்றதுமில்லை. விடுதியின் கடமை அட்டவணையை எக்செல்லில் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த பின்னர்தான் அதில் ஈடுபாடு வந்தது.

சென்ற மாரியில், டெங்கு நோயாளரால் விடுதி நிரம்பிக் கட்டில்களுக்கு இடையிலும் பாய் விரித்திருந்த ஓர் இரவில், ஒரே நோயாளியின் அதே மணிநேரக் குருதியமுக்கம் அவதானிப்பு அட்டவணையில் ஒன்றாகவும் கைமாற்றுப் புத்தகத்தில் வேறொன்றாகவும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். இரண்டையும் எழுதியவள் நானேதான். உடனே மீண்டும் அளந்து திருத்திவிட்டேன் என்றாலும், தவறு என் களைப்பினால் வந்ததா, அல்லது ஓர் எண்ணை மூன்று இடங்களில் கையால் எழுதச் சொல்லும் முறையினால் வந்ததா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதைத் தேடிப் போன இடத்தில்தான் தாதியத் தகவலியல் என்று ஒரு துறையே இருப்பது தெரியவந்தது.

எங்கள் விடுதிச் சிஸ்டரோ, "நாடி பிடிக்கிற கையால தட்டச்சு அடிக்கப் போறியா, மகள்?" என்று சிரிக்கிறார். இத்துறையில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது, நிரல் எழுதத் தெரியாத ஒருவர் இதற்குப் பொருத்தமானவரா, இங்கிருந்தபடியே எங்கே தொடங்கலாம் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் எடுத்துச் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பதில்: இரவுக்கடமை (கல்முனை)

தங்கைக்கு வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளை விடுதிகளில் கழித்தவள் நான். கடைசி ஐந்து ஆண்டுகளாக வைத்தியசாலையின் தகவல் அலகோடும் சேர்ந்து வேலை செய்கிறேன்.

முதலில் சிஸ்டரின் கேலிக்கு ஒரு பதில். புளோரன்ஸ் நைற்றிங்கேல் கையில் விளக்கோடு நடந்த கதையைத் தாதியர் கல்லூரியில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே அம்மையார்தான், கிரிமியப் போரில் படையினர் காயத்தினால் இறந்ததைக் காட்டிலும் தடுத்திருக்கக்கூடிய நோய்களினால் இறந்ததே மிக அதிகம் என்பதை 1858இல் வட்ட வரைபடங்களாக அச்சிட்டு அரசின் முன் வைத்தார். இலண்டன் புள்ளியியற் சங்கத்தில் அதே ஆண்டு உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார், அங்கே இடம்பெற்ற முதல் பெண்ணாக. நாடி பிடித்த கையால் கணக்கும் எழுதியவர் அவர் என்று சிஸ்டரிடம் மரியாதையோடு சொல்லிப் பாருங்கள்.

தாதிய அறிவியல், கணினி அறிவியல், தகவல் அறிவியல் என்ற மூன்றும் சந்திக்கும் இடமே தாதியத் தகவலியல் என்று 1989இல் கிரேவ்ஸ், கோர்கோரன் என்ற இரு தாதியக் கல்வியாளர்கள் வரையறுத்தார்கள். 1992இல் அமெரிக்கத் தாதியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத்துறையாக அங்கீகரித்தது. வரலாறு இவ்வளவு போதும். இதில் என்ன கற்கிறோம் என்பதை உங்கள் டெங்கு விடுதியை வைத்தே சொல்கிறேன்.

நடுத்தர வயதுடைய ஒரு நோயாளியின் குருதியமுக்கம் 100/80 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் "நூறு இருக்கிறது, பரவாயில்லை" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 20 ஆகச் சுருங்கிவிட்டது என்பதையும், டெங்குவில் அது, உடலின் குருதியோட்டம் குன்றிப்போகும் அதிர்ச்சி நிலையின் அறிகுறி என்பதையும் நீங்களும் நானும் அறிவோம். இப்போது இதே அளவைக் கணினியில் பதியும் ஒரு படிவத்தை யாரோ ஒருவர் உருவாக்குகிறார். தாதியோடு கலந்து பேசாத ஒருவர், குருதியமுக்கம் என்று ஒரே பெட்டியை வைத்து, அதில் 100/80 என்பதை ஒரு சொல்லைப் போல எழுதவிடுவார். அந்தப் பெட்டிக்குள் இருப்பது எழுத்துகளின் கோவை. கணினியால் அதில் கழித்தல் செய்ய முடியாது. ஆகவே எச்சரிக்கையும் எழாது. மேல் எண்ணுக்கு ஒரு பெட்டி, கீழ் எண்ணுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிட்டால், வித்தியாசம் 20 ஆனவுடன் அந்த வரி சிவப்பாகும்படி செய்வது மிக எளிது. நிரல் எழுதுபவருக்கு அரைமணி நேர வேலை. அப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் டெங்கு நோயாளியின் அருகில் நின்ற ஒருவர் தேவைப்படுகிறார்.

இன்னொன்று. இலண்டன் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய தேசிய முன்னெச்சரிக்கைப் புள்ளி முறையை எடுத்துப் பாருங்கள். சுவாச வீதம் 22 என்றால் 2 புள்ளி, ஒட்சிசன் செறிவு 95 என்றால் 1, நாடி 112 என்றால் 2, மேல் குருதியமுக்கம் 108 என்றால் 1, வெப்பநிலை 38.4 என்றால் 1. நோயாளி தெளிவாகப் பேசுகிறார், ஒட்சிசனும் கொடுக்கப்படவில்லை. தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தவில்லை. கூட்டினால் 7 வருகிறது, அது அவசர நிலை. அதிகாலை மூன்று மணிக்கு நாற்பது நோயாளருக்கு இந்தக் கூட்டலை மனத்தால் செய்ய முடியாது, இயந்திரத்தால் முடியும். ஆனால் சுவாச வீதத்தை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணாமல் எல்லோருக்கும் "20" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை (மறுக்காதீர்கள், எல்லா விடுதிகளிலும் உண்டு) இயந்திரம் அந்தப் பொய்யையே நேர்த்தியாகக் கூட்டித் தரும்.

பதில்: பதிவேடு (அக்கரைப்பற்று)

நான் தாதியல்ல, வைத்தியசாலைப் பதிவுகளோடும் கணினியோடும் புழங்குபவன். நிரல் தெரியாதது குறையா என்று சகோதரி கேட்டதற்கு மட்டும் ஒரு பதில்: எங்கள் பக்கத்தில் மிகவும் தடுமாற வைப்பது நிரல் அல்ல, ஆட்களை அடையாளம் காண்பதுதான்.

பாத்திமா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் 'எஃப்' என்று தொடங்குவார், மற்றவர் 'பி' என்று தொடங்குவார். கந்தையா 'கே'யிலும் வருவார், 'சி'யிலும் வருவார். திருமணத்துக்கு முன்னர் தகப்பனின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டிருந்தவர், பின்னர் கணவரின் பெயரோடு வருவார். பிறந்த திகதி தெரியாத முதியவர்கள் அனைவரையும் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்களாகப் பதிந்துவிடும் வழக்கமும் இருக்கிறது. இவற்றோடு அடையாள அட்டை இலக்கமும் இருவகை: பழையதில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும்; 2016 முதல் வழங்கப்படுவதில் பன்னிரண்டு இலக்கங்கள். பழையதன் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கணித்துவிடலாம் என்றாலும், அந்தக் கணிப்பைச் செய்யாத மென்பொருளுக்கு, பழைய அட்டையோடு கிளினிக்குக்கு வந்தவரும் புதிய அட்டையோடு விடுதியில் அனுமதிக்கப்பட்டவரும் இரண்டு வெவ்வேறு பெண்கள். பெனிசிலின் ஒவ்வாமை என்ற குறிப்பு முதலாமவரின் பதிவில் இருக்கிறது. ஊசி இரண்டாமவருக்குப் போகிறது.

ஒவ்வொருவருக்கும் தனித்த சுகாதார இலக்கம் வழங்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துவது இதற்காகத்தான். ஆனால் அந்த இலக்கத்தை வழங்கும் நேரத்தில், "இதற்கு முன் எங்கே காட்டினீர்கள், அப்போது என்ன பெயர் கொடுத்தீர்கள்?" என்று நம் மொழியில் பொறுமையாகக் கேட்டு விடை பெறுவது மென்பொருளால் ஆகாது. அதை நன்றாகச் செய்பவர்கள் தாதியர்தாம் என்பது என் அனுபவம்.

பதில்: வெள்ளைத்தொப்பி (களுவாஞ்சிக்குடி)

மேலே எழுதிய இருவரும் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் தங்கை ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு இறங்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் முன்னர் கடமையாற்றிய ஓர் இடத்தில் கணினி வந்தது, காகிதம் போகவில்லை. பெட் ஹெட் டிக்கெட்டிலும் (நோயாளியின் காகிதப் பதிவேடு) எழுதினோம், திரையிலும் தட்டினோம். வேலை பாதியாகும் என்று சொன்னார்கள், இரண்டாகியது. காலையில் இணைப்பு விழுந்துவிட்டால், கடமை முடியும் நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துத் தட்டுவார். அந்த மென்பொருள் அளந்த நேரத்தைக் கேட்கவில்லை, தட்டிய நேரத்தையே தானாகப் பதிந்தது. எனவே காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் எடுத்த வெப்பநிலைகள் எல்லாம் பிற்பகல் ஒன்றரை மணிக்கு எடுத்தவையாகத் திரையில் நின்றன. அதைவிட வேடிக்கை, விடுதி முழுவதற்கும் ஒரே கடவுச்சொல். அது யாருடைய பெயரில் இருந்ததோ அவர் மகப்பேற்று விடுமுறையில் வீட்டில் இருந்த நாட்களிலும் நூற்றுக்கணக்கான நோயாளரைப் பராமரித்ததாகப் பதிவு சொன்னது.

நோயாளியின் சுகாதாரத் தகவலை விசேட வகைத் தரவாகக் கொள்ளும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் டிக்கெட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. இத்துறையைப் படிப்பதாயின், திரையின் முன் தாதி செலவிடும் நிமிடங்களையும் எண்ணிப் பார்க்கும் ஒருவராகப் படியுங்கள். கட்டிலிலிருந்து நேரத்தைப் பறிக்கும் எந்தத் திட்டத்துக்கும் என் ஆதரவு கிடையாது.

வாவிக்கரை

மூவருக்கும் நன்றி. வெள்ளைத்தொப்பி அக்கா சொன்ன ஒன்றரை மணி வெப்பநிலையைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நாங்கள் காகிதத்திலேயே அப்படிச் செய்வதுண்டு. படிப்பதற்கான வழியை மட்டும் யாரேனும் கூறுவீர்களா? கொழும்பில் ஒரு முதுகலைப் படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: இரவுக்கடமை (கல்முனை)

நீங்கள் கேள்விப்பட்டது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் 2009இல் உயிர்மருத்துவத் தகவலியல் என்ற பெயரில் தொடங்கிய படிப்பாக இருக்கும். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு வந்த அது வைத்தியர்களுக்கென அமைந்தது. தாதியருக்கு அது நேர்வழியாகாது. அதில் எனக்கும் மனக்குறைதான். ஆயினும் அதில் பயின்ற வைத்தியர்கள் பலர் தாதியரின் ஆலோசனையைத் தேடி வருவதை நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் நிலையில் முதல் தேவை ஒரு பட்டம். எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் தாதியப் பட்டம் உண்டு, ஆனால் அது உயர்தரப் பெறுபேற்றின் வழியாக நுழைபவர்களுக்கு உரியது. கடமையிலிருக்கும் தாதியருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டமே தோதானது. அப்பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் ஒரு நிலையம் இருக்கிறது. கணினிப் பக்கம் உறுதிப்பட வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்ற தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் உண்டு. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிவிடாதீர்கள். இரவுக் கடமையும் செய்துகொண்டு அப்படித் தொடங்கிய இருவரை எனக்குத் தெரியும். இருவரும் இரண்டையும் பாதியில் விட்டார்கள்.

செலவில்லாமல் இன்றிரவே தொடங்கக்கூடியவையும் இருக்கின்றன. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த டிஎச்ஐஎஸ்2 என்ற, சுகாதாரத் தரவுகளைத் திரட்டி ஆராயும் திறந்த மூல மென்பொருளுக்கு இணையத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன. 2020 ஜனவரியில், கொரோனா நோய் உலகுக்கே புதிதாக இருந்த நாட்களில், வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க அதைப் பயன்படுத்தும் முறையை முதன்முதலில் உருவாக்கியவர்கள் நம் நாட்டவர்களே. நோயாளர் பதிவு எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க விரும்பினால் ஓப்பன்எம்ஆர்எஸ் மென்பொருளின் மாதிரித் தளத்தில் கற்பனை நோயாளர் ஒருவரை அனுமதித்து, மருந்து எழுதி, வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். எங்கே நம் விடுதி நடைமுறையோடு அது முட்டுகிறது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

வெள்ளைத்தொப்பியின் குற்றச்சாட்டுகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அளந்த நேரமும் தட்டிய நேரமும் இரண்டு தனித்தனிப் பெட்டிகளாக இருந்திருந்தால் அவருடைய முதற் சிக்கல் எழுந்திருக்காது, அதைச் சொல்ல அன்று மேசையில் ஒரு தாதி இருக்கவில்லை.

தங்கை, ஒரு வேலை தருகிறேன். உங்கள் விடுதியின் டெங்கு அவதானிப்பு அட்டவணையை, நோயாளர் பெயரோ இலக்கமோ எதுவும் இல்லாத வெற்றுப் படிவமாக, பொறுப்பானவரிடம் அனுமதி பெற்று இங்கே இடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அந்த எண் வேறு எந்தெந்தப் புத்தகத்தில் மீண்டும் எழுதப்படுகிறது என்று குறிப்பிடுங்கள். அடுத்த கிழமை எனக்குப் பகற் கடமைதான். மாலையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.