குயினின் உப்பு, ஆக்டனால்–நீர் பங்கீடு: செறிவை மாற்றினால் லாக் டி ஏன் மாறுகிறது?

ரேவதி, உதகை

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் புராஜெக்டுக்காகக் குயினின் ஹைட்ரோகுளோரைடு ஆக்டனாலிலும் நீரிலும் எப்படிப் பங்கிடுகிறது என்று அளக்கிறேன். 1860களில் சிங்கோனா கன்றுகள் வந்து இறங்கிய மலை இது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டு, பட்டையிலிருந்து குயினின் எடுத்த ஊரில் படித்துக்கொண்டு வேறு மருந்தைத் தேட மனசு வரவில்லை.

செய்முறை இதுதான். ஆக்டனாலையும் காய்ச்சி வடித்த நீரையும் முதல் நாள் இரவே ஒன்றோடொன்று குலுக்கி நிறைவுற வைத்துவிடுகிறேன். மறுநாள் உப்பை நீரில் கரைத்து, சம அளவு ஆக்டனால் சேர்த்துக் குலுக்கி, பிரிய விட்டு, நீர்ப்பகுதியை யூவி ஸ்பெக்ட்ரோவில் பார்க்கிறேன். குறைந்த அளவு ஆக்டனாலுக்குப் போனதாகக் கணக்கு.

1 மில்லிமோலாரில் லாக் டி (ஆக்டனாலில் உள்ள மொத்தச் செறிவை நீரில் உள்ளதால் வகுத்த விகிதத்தின் லாக்) −0.55 வருகிறது. 0.1 மில்லிமோலாரில் −0.4. 0.01க்கு இறக்கினால் +0.2. பங்கீட்டு விதிப்படி செறிவு எதுவானாலும் குணகம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? போதாததற்குப் புத்தகத்தில் குயினினின் லாக் பி (பங்கீட்டுக் குணகத்தின் லாக்) 3.44 என்று இருக்கிறது. என் எண்கள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. வைவா நெருங்குகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

சிவா, குன்னூர்

தங்கச்சி, பிஎச்சை நிலையாக வைக்கும் பஃபர் எதுவும் போடவில்லையா? குலுக்குவதற்கு முன்னும் பின்னும் நீர்ப்பகுதியின் பிஎச் எவ்வளவு என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாதன், கூடலூர்

குலுக்குவது போதவில்லை என்று நினைக்கிறேன். ஷேக்கரில் வேகத்தை ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆக்டனால் பிசுபிசுப்பானது, சீக்கிரம் கலக்காது.

சிவா, குன்னூர்

மாதன் அண்ணா, அது இன்னொரு தலைவலியைக் கொண்டுவரும். வேகமாக அடித்தால் பால் மாதிரி ஆகிவிடும். இந்த மார்கழிக் குளிரில் அந்தப் பால் பிரிவதற்குள் பொழுது போய்விடும். 25 டிகிரியிலேயே ஆக்டனாலின் பிசுக்குமை நீரைப்போல எட்டு மடங்கு. காலையில் உதகை ஆய்வகத்தில் இருக்கும் குளிருக்கு இன்னும் கூடும். குழாயை மூடி, அச்சில் சுற்றுவதுபோல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினாலே போதும். ஐந்து நிமிடத்தில் நூறு திருப்பு என்பது, இந்தக் குலுக்கல் முறைக்கான சர்வதேச வழிகாட்டியான ஓஈசிடி 107இல் இருக்கும் அளவு. பிறகு சென்ட்ரிஃபியூஜ்.

ரேவதி, உதகை

சிவா அண்ணா, இன்று பார்த்தேன். 1 மில்லிமோலார் கரைசல் குலுக்குவதற்கு முன் 6.2. குலுக்கிப் பிரித்தபின் 4.6! பிஎச் மீட்டரில் கோளாறோ என்று அளவுப் பஃபரில் வைத்துப் பார்த்தேன், மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. ஆக்டனாலில் அமிலம் இருக்குமோ?

வேதியியல் பேராசிரியை (ஓய்வு), கோத்தகிரி

ரேவதி, உன் மீட்டரும் சரி, உன் எண்களும் சரி. அவை எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம்.

குயினின் உப்பு நீரில் நேர்மின் அயனியாக இருக்கிறது. புரோட்டானைப் பிடித்திருக்கும் குயினுக்ளிடின் நைட்ரஜனின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானோடு இருக்கும் பிஎச்) 8.5 பக்கம். ஆக்டனாலுக்குள் சுலபமாகப் போவது மின்சுமை இல்லாத குயினின்தான். அயனி உள்ளே போக ஒரு குளோரைடைத் துணைக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும், அது இந்தச் செறிவில் சொற்பம். ஆகவே நடப்பது இது: அயனி தன் புரோட்டானை நீரில் விட்டுவிட்டு, வெறும் குயினினாக ஆக்டனாலுக்குள் இறங்குகிறது. விட்டுப்போன புரோட்டான் நீரை அமிலமாக்குகிறது. அமிலம் ஏற ஏற, அடுத்த மூலக்கூறு புரோட்டானை விடுவது கடினமாகிறது. ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பிஎச் 4.6க்கு வந்ததற்கு இதுவே போதும், ஆக்டனாலைக் குறை சொல்லத் தேவையில்லை.

செறிவு கூடினால் வெளியாகும் புரோட்டானும் கூடும், பிஎச் இன்னும் கீழே போகும், லாக் டி குறையும். நீர்த்தால் எதிர்மாறு. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். லாக் பி 3.44, பிகேஏ 8.5, மூலக்கூறின் இன்னொரு நைட்ரஜனான குயினோலின் நைட்ரஜனுக்கு 4.1, சம கனஅளவு. 1 மில்லிமோலாருக்கு பிஎச் 4.6, லாக் டி −0.57. 0.1க்கு −0.38. 0.01க்கு +0.18. உன் மூன்று எண்களோடும் ஒத்துப்போகிறது பார். கைவேலை சுத்தமாக இருக்கிறது, எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பங்கீட்டு விதியும் உடையவில்லை. இரு பகுதிகளிலும் ஒரே வடிவில் இருக்கும் பொருளுக்குத்தான் அந்த விதி. நீ அளந்ததோ எல்லா வடிவங்களும் சேர்ந்த மொத்தம்.

இனி பஃபர் போட்டுச் செய். சமன்பாடு இது: லாக் டி = லாக் பி − லாக் (1 + 10^(பிகேஏ − பிஎச்)). பிஎச் 7.4இல் 2.3 வர வேண்டும், 6இல் 0.94.

சிவா, குன்னூர்

மேடம் சொன்னதோடு ஒன்று. 7.4இல் சம கனஅளவு போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். டி, அதாவது விகிதம், 200 என்றால் நீரில் மிஞ்சுவது அரை சதவீதம். அதை யூவியில் பார்த்தால் அடிக்கோட்டு நடுக்கத்தையும் மருந்தையும் பிரித்தறிய முடியாது. 40 மில்லி பஃபருக்கு 1 மில்லி ஆக்டனால் போடுங்கள், ஆறில் ஒரு பங்கு நீரிலேயே நிற்கும். தொடக்கச் செறிவு 0.1 மில்லிமோலார் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அந்த 1 மில்லி ஆக்டனாலில் எல்லாம் குவிந்து, அந்த வழிகாட்டியின் 0.01 மோலார் வரம்பை நெருங்கிவிடும்.

இன்னொன்று, ஆக்டனாலுக்குப் போனதைக் கழித்தல் கணக்கில் மட்டும் எடுக்காதீர்கள். அதையும் நேரடியாக அளந்து, இரண்டையும் கூட்டினால் போட்டது கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆக்டனாலில் கொஞ்சம் எடுத்து 0.05 மோலார் கந்தக அமிலத்தில் திருப்பி இழுத்தால், இரு பகுதிகளையும் ஒரே அளவுக்கோட்டில் படிக்கலாம். ஃப்ளோரிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 350 நானோமீட்டரில் தூண்டினால் 450 பக்கம் நீலமாக ஒளிரும். அங்கே மட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குளோரைடு குயினினின் ஒளிர்வை அணைத்துவிடும்.

ரேவதி, உதகை

மிக்க நன்றி மேடம், நன்றி அண்ணா. எங்கள் ஆய்வகத்தில் பிஎச் 8 டிரிஸ் பஃபர் தயாராக இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

வேதியியல் பேராசிரியை (ஓய்வு), கோத்தகிரி

வேண்டாம் ரேவதி. டிரிஸ் குளிருக்கு ஆடும். ஒரு டிகிரி இறங்கினால் பிஎச் 0.028 ஏறும். 25 டிகிரியில் 8.0 என்று தயாரித்தது 15 டிகிரியில் 8.28. சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது, நம் மலையில் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையிலேயே தெரியும். பாஸ்பேட் எடு, அதன் மாற்றம் இதில் பத்தில் ஒன்று. பஃபரை முதலில் ஆக்டனாலோடு நிறைவுறச் செய், பிறகு பிஎச் பார். குழாய்களை 25 டிகிரி நீர்த்தொட்டியில் வை, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்று.

நீர்ப்பகுதியை எடுக்கும்போது கவனம். அது அடியில் இருக்கிறது, மேலே ஆக்டனால். ஊசிக்குழலில் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு, ஆக்டனாலைத் துளைத்துப் போகும்போது மெதுவாகக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே போ. ஊசிக்குள் ஆக்டனால் ஏறாது. அடியில் நீரை இழுத்து, ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் கியூவெட்டில் விட வேண்டும். ஊசியின் வெளிப்பக்கம் ஒட்டிய ஒரு துளி ஆக்டனால் போதும், நீரில் இருப்பதைவிட அதிக மருந்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ரேவதி, உதகை

பாஸ்பேட்டில் செய்து முடித்தேன். 7.4இல் மூன்று கனஅளவு விகிதங்கள், ஒவ்வொன்றும் இரட்டையாக. எல்லாம் 2.2க்கும் 2.3க்கும் நடுவில். செறிவைப் பாதியாக்கியும் அசையவில்லை. குலுக்கியபின் பிஎச் 7.4தான். பிஎச் 6இல் சம கனஅளவில் 0.9. ஊசி வித்தை அருமை மேடம், அதற்குப் பிறகுதான் இரட்டைகள் ஒத்துவந்தன.

ஒரே ஒரு சந்தேகம். என் வழிகாட்டி அட்டவணையில் 'உப்பின் லாக் பி' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார். அதில் எதை எழுதுவது?

வேதியியல் பேராசிரியை (ஓய்வு), கோத்தகிரி

அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிக் கேள். லாக் பி என்பது மின்சுமையற்ற குயினினுக்கு: உன் 7.4 அளவையும் 6 அளவையும் சமன்பாட்டில் திருப்பிப் போட்டால் இரண்டும் 3.4 பக்கம் ஒரே எண்ணைத் தர வேண்டும். இன்னொன்று லாக் டி, அதன் பக்கத்தில் பிஎச், வெப்பநிலை, பஃபர், அதன் செறிவு எல்லாம் எழுது. ஹைட்ரோகுளோரைடா சல்பேட்டா என்பது பஃபருக்குள் போனபிறகு பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை, பஃபரின் உப்புதான் அங்கே அதிகம்.

அயனி தானாக எவ்வளவு போகிறது என்று கேட்டால் அது தனிச் சோதனை. பிஎச்சைக் குறைத்துக்கொண்டே போய், கோடு தட்டையாகும் இடத்தைத் தேட வேண்டும். குயினினில் 4.1 பக்கம் இரண்டாவது புரோட்டானும் ஏறிக்கொள்வதால் அந்தத் தட்டை சுத்தமாகக் கிடைக்காது. வைவாவில் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல், போதும்.

ரேவதி, உதகை

திருப்பிப் போட்டேன் மேடம். 7.4இலிருந்து 3.38, 6இலிருந்து 3.40. வழிகாட்டியும் கட்டத்தைப் பிரிக்கச் சம்மதித்துவிட்டார். பஃபர் போடாத முதல் எண்களையும் உங்கள் கணக்கோடு சேர்த்துத் தனி வரைபடமாக வைக்கச் சொன்னார்.