மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி நடைபாதை: எப்படிப் போடச் சொல்வது?

வேப்பநிழல்:
எங்கள் தெரு நடைபாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போடப் போகிறார்கள், குடியிருப்பவர்களிடம் யோசனையும் கேட்டிருக்கிறார்கள். இப்போது சுவரோரத்திலிருந்து சாலை வரை ஒரே கான்கிரீட். மரத்தடியைக்கூட விடாமல் பூசியிருப்பதால் நல்ல மழை பெய்தால் தண்ணீரெல்லாம் சாலையில் இறங்கித் தெருமுனையில் குளமாகிறது, வேருக்கு ஒரு சொட்டும் போவதில்லை. தண்ணீர் இறங்கும் பேவர் பிளாக் போதும் என்கிறார் ஒருவர். செடிப் பாத்தி வைத்தால் கொசு வரும் என்கிறார் இன்னொருவர். மண்ணோ களிமண். என்ன கேட்கலாம்?

செம்மண்:
பிளாக்கை விடுங்கள், அதற்கு அடியில் என்ன கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். வழக்கம்போல கிரஷர் பவுடரை, அதாவது கல் உடைக்கும்போது வரும் தூளை, கொட்டி இடித்து இறுக்கினால் மேலே எந்த பிளாக் போட்டும் பயனில்லை. கழுவிய, தூசி இல்லாத, ஒரே அளவு ஜல்லிதான் வேண்டும். பிளாக் இடுக்கிலும் மணலுக்குப் பதில் பொடி ஜல்லி. அப்படிப்பட்ட ஜல்லியில் ஏறக்குறைய 40% வெற்றிடம் இருக்கும், அதாவது 30 செ.மீ. அடுக்கு தன் மேல் பெய்யும் 12 செ.மீ. மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே விடும். களிமண் என்பதால் அடியில் துளையிட்ட பைப் ஒன்றை வடிகாலோடு சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இடுக்கில் வண்டல் அடைக்கும். அதை அவ்வப்போது உறிஞ்சி எடுக்கப்போவது யார் என்பதை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

தூறல்:
என் ஓட்டு பாத்திக்குத்தான், ஆனால் பாத்தி மண் நடைபாதையைவிட 15 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். நிறைய இடங்களில் மண்ணை மேடாகக் குவித்துச் சுற்றிக் கல் கட்டிவிடுகிறார்கள், அதில் தண்ணீர் எப்படி ஏறும்? ஓரக்கல்லில் ஆங்காங்கே இடைவெளி விட்டு, தண்ணீர் விழும் இடத்தில் கூழாங்கல் பரப்பினால் மண் அரிக்காது. நடைபாதையின் வாட்டம் பாத்திப் பக்கமாக, 50க்கு 1, அதாவது 50 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிவு. அதற்கு மேல் போனால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும். பெருமழைக்கு, பாத்தி மண்ணிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் வடிகாலுக்கு ஒரு வாய் வைத்தால் நடைபாதை மேல் தண்ணீர் ஏறாது.

கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒழுங்காகப் போட்ட பாத்தி ஓரிரு நாளில் வடிந்துவிடும். சியாட்டில் நகரில் 2001இல் ஒரு தெருவையே இப்படி மாற்றி அளந்து பார்த்தார்கள், வழிந்தோடிய தண்ணீர் 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது.

வேப்பநிழல்:
எங்கள் களிமண்ணில் ஓரிரு நாளில் வடியுமா? பழைய மரங்களை என்ன செய்வது?

தூறல்:
ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள், அது ஊறியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் ஒரு நாள் கழித்தும் நின்றால் பாத்திக்கு அடியிலும் ஜல்லி, துளை பைப் கட்டாயம். கட்டடச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள், அஸ்திவாரத்தில் ஈரம் ஏறக்கூடாது.

செம்மண்:
மரத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை இயந்திரம் விடாமல் கையால் உடைக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து. தடித்த வேர் அறுந்தால் மரம் அடுத்த பெருங்காற்றுக்குச் சாயும். அங்கே பாத்திக்காகத் தோண்டவும் வேண்டாம், மண்ணைத் திறந்து விட்டு மேலே சருகு பரப்பினாலே போதும்.