கரண்டு பில் 5,400. மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாமா? (பெருந்துறைப் பக்கம்)

தோட்டத்துக்காரன்

வணக்கம்ங்க. பெருந்துறையிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்தில் வீடு. மெத்தை வீடுதான், மாடி காலியாகக் கிடக்கிறது. இந்தக் கோடையில் இரண்டு மாத ரீடிங் 860 யூனிட், பில் 5,400 ரூபாய். இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், வீட்டு போர் மோட்டார், அஞ்சு ஃபேன். தோட்டத்து மோட்டார் இலவச சர்வீஸ், அது இந்தக் கணக்கில் வராது.

சோலார்க்காரர் ஒருவர் வந்து பார்த்தார். 3 கிலோவாட் 1,95,000, மானியம் 78,000 போக நம் கை 1,17,000. மூன்றரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும், கரண்டு போனாலும் ஏசி ஓடும் என்கிறார். மேற்கே இரண்டு தென்னை நிற்கிறது. அதை எடுத்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். அம்மா வைத்த மரம். அதனால்தான் யோசனை. போடலாமா, வேண்டாமா?

உடுமலை அக்கா

கரண்டு போனால் ஏசி ஓடாது தம்பி. எங்கள் வீட்டில் போட்டு மூன்று வருடம் ஆகிறது. பேட்டரி இல்லாத சாதாரண சோலாரில் லைன் போனதும் இன்வெர்ட்டரும் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி) தானாக நின்றுவிடும். பட்டப்பகல் வெயிலிலும் அப்படித்தான். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்டு பாயக் கூடாதே. கரண்டு போனாலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், அது வேறு விலை. இதையே மாற்றிச் சொன்ன ஆள் மற்ற கணக்கை எப்படிப் போட்டிருப்பார் என்று பாருங்கள்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே. எங்களுக்குப் போட்டவர் ஸ்டாண்டுக் காலைத் தளத்தில் பூட்டாமல் கான்கிரீட் கட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போனார். முதல் ஆடியிலேயே ஒரு வரிசை முழுக்க ஒரு சாண் நகர்ந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால், மேல்தளத்தில் ஓட்டை போட்டுப் போல்ட் அடித்துவிட்டு, அடைக்காமல் போய்விட்டார். ஐப்பசி மழைக்கு அறைக்குள் ஒழுகியது. கால் எப்படி நிற்கப் போகிறது, ஓட்டையை எதை வைத்து அடைப்பார் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற வயர்மேன்

மூன்றரை வருடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரிகிறதா? கோடை பில் 5,400ஐ ஆறால் பெருக்கியிருக்கிறார். வருடம் முழுக்க யாராவது சித்திரை மாதிரி ஏசி போடுவார்களா? ஒரு வருடத்து ஆறு ரீடிங்கையும் எழுதுங்கள். சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரன்

அட்டையைப் பார்த்து எழுதுகிறேன். ஏப்ரல்-மே 860, ஜூன்-ஜூலை 610, ஆகஸ்ட்-செப்டம்பர் 480, அக்டோபர்-நவம்பர் 450, டிசம்பர்-ஜனவரி 520 (வெந்நீர் ஹீட்டர்), பிப்ரவரி-மார்ச் 740. சர்வீஸ் இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறதுங்க. அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது.

ஓய்வுபெற்ற வயர்மேன்

முதலில் பெயர் மாற்றம். மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர் பெயரும் சர்வீஸ் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் இழுபறி. வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இபி ஆபீஸ் போங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி கணக்கு. 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணத்தை வைத்துப் போடுகிறேன். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய், 101லிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501க்கு 2,048. ஒரே ஒரு யூனிட் அதிகம்! இதை எத்தனை வீட்டு வாசலில் நின்று விளக்கியிருப்பேன், ஒருத்தர்கூட நம்பமாட்டார்.

உங்கள் ஆறு பில்லும் சேர்ந்து வருடத்துக்கு 3,660 யூனிட், சுமார் 17,950 ரூபாய். அவர் சொன்ன கணக்கில் 32,400.

நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும் என்று வையுங்கள். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480. பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போய் நம் ரீடிங்கில் கழிந்துவிடும். கோடையில் 860 போய் 380 ஆகும், பில் 1,081. ஜூன்-ஜூலையில் 70 ரூபாய், பிப்ரவரி-மார்ச்சில் 517. மற்ற மூன்று ரீடிங்கும் பூஜ்யம் அல்லது இலவச நூறுக்குள். வருடத்துக்கு 1,670 ரூபாய் கட்டினால் போதும். மிச்சம் 16,300 பக்கம்.

3 கிலோவாட் போட்டால்? 720 யூனிட். கோடையில் 94 ரூபாய், மற்ற எல்லாம் பூஜ்யம். இரண்டு கிலோவாட்டை விட வருடத்துக்கு 1,600 ரூபாய்கூட அதிகம் மிச்சமாகாது. அரசாங்கம் இனாமாகத் தருகிற நூறு யூனிட்டுக்கு நாம் காசு கொடுத்துப் பேனல் போடுகிற கதை.

2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000, மூன்றாவதுக்கு 18,000தான். 2 கிலோவாட்டுக்குத் தனியாக விலை கேட்டு எழுதுங்கள்.

தோட்டத்துக்காரன்

கேட்டேன்ங்க. 1,40,000 என்கிறார். மானியம் போக 80,000.

ஓய்வுபெற்ற வயர்மேன்

அப்போ 2 கிலோவாட் ஐந்து வருடத்துக்குள் காசைத் திருப்பும். மூன்றாவது கிலோவாட்டுக்கு நீங்கள் கூடுதலாகப் போடும் 37,000 திரும்ப 23 வருடம் ஆகும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், மூன்றாவது ஏசி என்று எதுவும் வரப்போகிறதா? அப்படியென்றால் இன்வெர்ட்டரை மட்டும் 3 கிலோவாட்டாக வாங்கி, ஸ்டாண்டில் இரண்டு பேனலுக்கு இடம் விட்டு வையுங்கள். மானியத்துக்கு நம் நாட்டில் செய்த செல் கொண்ட பேனல்தான் செல்லும், டிசிஆர் என்று பில்லில் இருக்க வேண்டும்.

காங்கேயம் மாப்ள

அண்ணா, பேனலுக்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்கிற குறைந்த கரண்டு ஃபேன் 30 வாட். அஞ்சு ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 160 யூனிட் குறையும். அதுவே உங்களை ஒரு படி கீழே இறக்கிவிடும்.

பேனலைக் கழுவுகிற தண்ணீரும் முக்கியம். நாங்கள் போர் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். ஒரே வருடத்தில் கண்ணாடி மேல் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை வெள்ளையாகத் திட்டு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. இப்போது குடிதண்ணீரை ஒரு பக்கெட் எடுத்துக்கொண்டு, விடியற்காலை கண்ணாடி சுடாதபோது துணியால் துடைக்கிறோம்.

உடுமலை அக்கா

தென்னையை விட்டுவிட்டோமே. மேற்கே நிற்கிற மரத்தின் நிழல் சாயந்திரம்தான் விழும். அந்நேரம் உற்பத்தியே கொஞ்சம்தான். ஆனால் ஒரு ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், கம்பி ஒன்றாகக் கோர்த்திருப்பதால் வரிசையின் உற்பத்தியே குறையும். மாடியின் கிழக்கோரத்துக்குத் தள்ளிப் போட்டுப் பாருங்கள். தண்ணி டேங்க் எந்தப் பக்கம்?

தோட்டத்துக்காரன்

தெற்கு மூலையில் அக்கா. ஆறடி உயரம் இருக்கும். மத்தியானம் போய்ப் பார்த்தேன், நிழலே இல்லை.

உடுமலை அக்கா

இப்போது இருக்காது. சித்திரையில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அந்த ஆறடி டேங்க் நட்டநடு மத்தியானத்திலேயே வடக்கே நாலடிக்கு நிழல் போடும். காலை, மாலை இன்னும் நீளும். டேங்குக்கு வடக்கே எட்டடியாவது விட்டுப் போடச் சொல்லுங்கள். பேனலைத் தெற்கு பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்த்தால் மழையே பாதியைக் கழுவிவிடும்.

தோட்டத்துக்காரன்

இன்று மூன்று மணி, நாலு மணி, ஐந்து மணிக்கு மாடியில் தென்னை நிழலைச் சாக்பீஸால் கோடு போட்டேன். நாலு மணி வரை கிழக்குப் பாதியை நிழல் தொடவில்லை. நான்கு பேனல் அங்கேயே அடங்கும், டேங்குக்கும் பத்தடி தள்ளி. மரம் நிற்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். 2 கிலோவாட் பேனல், 3 கிலோவாட் இன்வெர்ட்டர் என்று கொட்டேஷனை மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை வாரிசுச் சான்றிதழோடு இபி ஆபீஸ் போகிறேன். பெயர் மாற்றத்துக்கு வேறு என்ன காகிதம் கேட்பார்கள் அண்ணா?

ஓய்வுபெற்ற வயர்மேன்

வீட்டு வரி ரசீது, ஆதார், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். அக்கா, தங்கை இருந்தால் கையெழுத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுங்கள்.