கேஃபீல்டு: சனிக்கிழமை போறதுக்கு முன்னாடி

குழு: சொந்தபந்தம் கால்பந்து

கார்த்தி (9:12): சித்தப்பா, சனிக்கிழமை டண்டீலேர்ந்து ஸ்காட்லாந்து கடலோரத்துல இருக்கிற ஆர்ப்ரோத் ஊருக்குப் போறேன். கேஃபீல்டு மைதானத்துல, ஆர்ப்ரோத் அணி 36-0ன்னு ஜெயிச்ச ஆட்டம் நடந்த புல்லு பக்கத்துல நின்னு ஒரு செல்ஃபி எடுக்கணும்.

கோபி சித்தப்பா (9:20): ஊரும் சரி, மைதானத்து பேரும் சரி. புல்லுதான் அது இல்ல. 1880லேர்ந்து அந்த கிளப் கேஃபீல்டுலதான் ஆடுது, ஆனா 1925ல ஆடுகளத்தையே நகர்த்தி மைதானத்தை மாத்திக் கட்டிட்டாங்க. 36-0 நடந்தது 1885 செப்டம்பர் 12. அது பழைய களம்.

பிரபு மச்சான் (9:23): போச்சு, கார்த்தியோட செல்ஃபி!

செல்வி அத்தை (9:31): பழைய களத்துல என்ன குறையாம் அண்ணா?

கோபி சித்தப்பா (9:44): குறுகல் செல்வி. 1884-85 ஸ்காட்டிஷ் கோப்பைல கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை ஆர்ப்ரோத் 4-3ன்னு ஜெயிச்சுது. தோத்தவங்க நாடாவை எடுத்து களத்தை அளந்துட்டாங்க. குறைஞ்சது 50 கெஜம் அகலம் இருக்கணும். இருந்தது 49 கெஜம் 2 அடி 1 அங்குலம். 11 அங்குலம் கம்மி, நம்ம கணக்குல 28 செ.மீ. மறு ஆட்டம்னு தீர்ப்பாச்சு, ரேஞ்சர்ஸ் 8-1. "கொல்லைப்புறத்துல தோத்தோம்"னு ஊருக்குத் தந்தி அடிச்சாங்கன்னும் சொல்லுவாங்க.

பிரபு மச்சான் (9:46): ஒரு முழம்கூட இல்லையே! அதுக்குப் போயா?

கோபி சித்தப்பா (9:47): விதி விதிதான் மாப்ள. இப்ப இருக்கிற களம் 115க்கு 71 கெஜம். இனி நாடாவைக் கொண்டு வந்தாலும் ஒண்ணும் ஆகாது.

செல்வி அத்தை (9:55): 36 கோல்னா ரெண்டரை நிமிஷத்துக்கு ஒண்ணு ஆச்சே. அதுக்குள்ள பந்தை எடுத்துட்டு வரவே நேரம் போயிருக்குமே.

கோபி சித்தப்பா (10:02): அதான் விஷயமே. கோல் கம்பத்துக்கு வலை வந்தது 1890கள்லதான். அப்பல்லாம் ஒவ்வொரு கோலுக்கும் பந்து பின்னாடி ஓடும், யாராவது துரத்திட்டுப் போய் எடுத்துட்டு வரணும். பாதி ஆட்டத்துல 15, அப்புறம் 21. ஆர்ப்ரோத்தோட ஜாக்கி பெட்ரி மட்டும் 13. எதிரணி அபர்தீன்லேர்ந்து வந்த போன் அக்கார்ட். அதே நாள் டண்டீ ஹார்ப், அபர்தீன் ரோவர்ஸை 35-0. அபர்தீனுக்கு நேரம் சரியில்ல.

கார்த்தி (10:05): மடகாஸ்கர்ல 149-0 இருக்கே?

கோபி சித்தப்பா (10:06): அது 2002. நடுவர் மேல கோபத்துல தன் வலைலயே அடிச்சுக்கிட்டது. அதை இதோட சேர்க்காத.

செல்வி அத்தை (10:15): கார்த்தி, டிசம்பர்ல மூணே முக்காலுக்குள்ள அங்க சூரியன் இறங்கிடும். 3 மணி ஆட்டம்னா ரெண்டாம் பாதி முழுக்க விளக்குலதான். காத்து புகாத ஜாக்கெட், காதை மூடுற குல்லா, கையுறை எடுத்துக்கோ. குடை வேண்டாம், அது ஒரே வீச்சுல கவிழ்ந்துடும்.

கோபி சித்தப்பா (10:18): 36-0 அன்னைக்கு ஆர்ப்ரோத் கோல்கீப்பர் வேலையே இல்லாம பார்வையாளர் குடைக்கு அடில நின்னாருன்னு கதை உண்டு. கடலுக்கு இவ்வளவு ஒட்டின மைதானம் ஐரோப்பாலயே கிடையாதும்பாங்க. கடல் ஏறுற நேரத்துல காத்தும் அடிச்சா, அலைத் தெறிப்பு சுவரைத் தாண்டி உள்ள வரும்.

பிரபு மச்சான் (10:24): உப்புத் தண்ணி பட்டா புல்லு என்ன ஆகும்?

செல்வி அத்தை (10:37): கருகும். மண்ணுல உப்பு ஏறினா வேரால தண்ணிய இழுக்க முடியாது, ஈரம் இருந்தும் காஞ்சு போகும். சோடியம் களிமண்ணை இறுக்கி வடிகாலையும் கெடுத்துடும். இப்படிக் கடலோரப் புல்லுக்கு ஜிப்சம் தூவி, நல்ல தண்ணிய நிறைய விட்டுக் கழுவி இறக்கணும். ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும். வடிகால் சரியில்லேன்னா கழுவுறதே வீண், உப்பு மேலயே நிக்கும்.

கார்த்தி (10:40): ஆட்டத்துல காத்தை எப்படிச் சமாளிக்கிறாங்க?

கோபி சித்தப்பா (10:52): டாஸ் ஜெயிச்சா பக்கத்தையோ முதல் உதையையோ கேட்கலாம். இங்க பக்கம் கேட்கிறதுதான் புத்தி. எதிர்காத்துல கோல்கீப்பர் உயர அடிச்சா பந்து நடுக்கோடு தாண்டாம திரும்பி வரும், அதனால தரையோட குட்டைப் பாஸ்தான். பின்காத்துல வேற தொல்லை: முன்னாடி போட்ட பந்து நிக்காம கோட்டைத் தாண்டி ஓடிடும். பழகாத அணி இதுலதான் ஏமாறும்.

பிரபு மச்சான் (10:55): 2022ல பகுதிநேர ஆட்டக்காரங்களை வச்சு ஸ்காட்லாந்தோட ரெண்டாம் அடுக்கு லீக்ல ரெண்டாம் இடம் வந்தாங்களே. முதலிடம் கில்மார்னக் 67 புள்ளி, இவங்க 65. மேல் லீக்குக்குப் போற பிளேஆஃப்ல சொந்த மைதானத்துல, 9 பேரா குறைஞ்ச இன்வர்னஸ்கிட்ட பெனால்டில போச்சு. அன்னைக்குக் காத்தும் கை கொடுக்கல.

கோபி சித்தப்பா (11:01): அதை ஞாபகப்படுத்தாத.

கோபி சித்தப்பா (11:04): கார்த்தி, கொள்ளளவு சுமார் 6,600. மூணு பக்கம் நின்னு பார்க்கிற படிக்கட்டு. 1952 பிப்ரவரி 23ல ரேஞ்சர்ஸ் வந்தப்ப 13,510 பேர், அதான் உச்சம். இன்னைக்கு ஊர் ஜனத்தொகையில பாதிக்கும் மேல.

செல்வி அத்தை (11:10): கொஞ்சம் முன்னாடியே போனா பக்கத்துல சிக்னல் டவர் அருங்காட்சியகத்தைப் பார்த்துடு. கடலுக்குள்ள 18 கி.மீ. தள்ளி பெல் ராக் கலங்கரை விளக்கம், 1811ல ஏத்தினது. அங்க இருக்கிறவங்களோட சேதி பரிமாற இந்தக் கோபுரத்து உச்சில ஒரு பந்தை ஏத்துவாங்களாம்.

கார்த்தி (11:12): சாப்பாடு?

செல்வி அத்தை (11:15): ஆர்ப்ரோத் ஸ்மோக்கி. ஹேடாக் மீனுக்கு உப்புப் போட்டு, ரெண்டு ரெண்டா வாலைக் கட்டி, விறகுப் புகையில ஈரச் சாக்கு மூடி வேக வைக்கிறது. சூடா வாங்கி நடு முள்ளை உருவிட்டு கையாலயே பிய்ச்சுச் சாப்பிடு. கையுறையக் கழட்டிட்டு.