ஒட்டக இறைச்சி ஏன் நார் நாராக இருக்கிறது?

ஹட்டன்: ஆடு, மாடு வெட்டிப் பழகிய நம்ம பொடியன்கள் சவூதிக்கு இறைச்சிக்கடை வேலைக்குப் போகிறார்கள். ஒட்டகத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? சில துண்டு எவ்வளவு அவித்தாலும் இளகாதது ஏன்?

பண்டாரவளை: முதல் வேலை வயதைப் பார்ப்பது, தம்பி. இளம் ஒட்டகத்தை அங்கே ‘ஹாஷி’ என்பார்கள். கேட்டு வாங்குவது அதைத்தான். வயது ஏற ஏற தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் இறுகிவிடும், சூட்டில் லேசில் கரையாது. கிழட்டு ஒட்டகத்தைக் கொத்திறைச்சிக்கு ஒதுக்குங்கள், அதுதான் நேர்மை. அறுப்பும் வேறு: ஆட்டுக்குப் போலத் தொண்டையில் அல்ல, கழுத்து நெஞ்சோடு சேரும் குழியில் குத்துவார்கள். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் இறைச்சியும் எலும்புமாக மிஞ்சும். திமில் முழுக்கக் கொழுப்பு, தனியாக எடுத்து விற்க வேண்டும்.

நுவரெலியா: அண்ணே சொன்னது சரி, ஆனால் குளிரூட்டியும் கெடுக்கும். அறுத்த உடலில் விறைப்பு ஏறுமுன் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறக்கினால் தசை சுருங்கி, ஹாஷியும் ரப்பராகிவிடும். முதல் 10 மணித்தியாலம் அதற்குக் கீழே விடாதீர்கள். பிறகு 0–4 பாகையில் ஒரு வாரம் தொங்கட்டும்.

ஹட்டன்: நன்றி. வளர்ப்பைப் பெருக்கினால் விலை இறங்காதா?

பண்டாரவளை: சுலபமில்லை. சினைக்காலமே ஏறக்குறைய 13 மாதம், ஈற்றுக்கு ஒரு குட்டி. இரண்டு வருடத்துக்கு ஒன்று கிடைத்தாலே நல்ல மந்தை.