111111111இன் வர்க்கம்: கடைசி இலக்கங்கள் ஏன் மாறுகின்றன?

மஸ்கெலியா டீச்சர்:
வணக்கம். தோட்டப் பாடசாலையில் தரம் 9க்குக் கணிதம் எடுக்கிறேன். ஒன்பது ஒன்றுகளை அதே எண்ணால் பெருக்கி, விடையைச் சுவரில் ஒட்ட நினைத்தேன். பிள்ளைகள் கொப்பியில் பெருக்கிக் கொண்டுவந்தது 12345678987654321. ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் முதலில் 1.23457E+16, ஃபோர்மட்டை மாற்றினால் 12345678987654300. ஃபோன் பிரவுசரில் 12345678987654320. எதை ஒட்டுவது? பிரிண்டரில் ஒரு தாளுக்குத்தான் மை இருக்கிறது.

பண்டாரவளை சேர்:
பிள்ளைகளுடையதுதான் சரி, டீச்சர். 1இல் முடியும் எண்ணை 1இல் முடியும் எண்ணால் பெருக்கினால் விடையும் 1இல்தான் முடியும். பூச்சியம் வர வழியே இல்லை. இன்னொன்று: 111111111இன் இலக்கங்களைக் கூட்டினால் 9. ஆகவே அது 9ஆல் வகுபடும், வர்க்கமும் வகுபட வேண்டும். பிள்ளைகளின் விடையைக் கூட்டிப் பாருங்கள், 81. ஃபோன் விடை 80, ஸ்ப்ரெட்ஷீட் விடை 78. இரண்டும் அவுட்.

ஹட்டன் தம்பி:
சேர் சொன்னது சரி. ஆனால் மெஷின் பெருக்கத் தெரியாமல் பிழை விடவில்லை, இடம் போதாமல் விட்டது. இவை எண்ணை 64 பிட்டில் வைக்கும். அதில் 53 துவித இலக்கம்தான் துல்லியமாக நிற்கும். 2இன் 53ஆம் அடுக்கு 9007199254740992. அதைத் தாண்டியதும், அடுத்த அடுக்கு வரைக்கும், இரட்டை எண்களுக்கு மட்டுமே இடம். உங்களுடையது ஒற்றை எண், அதனால் பக்கத்து இரட்டைக்கு நகர்ந்துவிட்டது. ஸ்ப்ரெட்ஷீட் அதிலும் 15 இலக்கத்தைக் காட்டி மிச்சத்தைப் பூச்சியமாக்கும்.
அச்சிட மட்டும் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒரு ' போட்டு டைப் பண்ணுங்கள் டீச்சர், எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கணக்கிட்டே பார்க்க ஆசை என்றால் பைத்தன் என்ற நிரல் மொழியில் 111111111**2 என்று போடுங்கள் (**2 என்றால் வர்க்கம்). முழு எண்ணாக இருந்தால் அது இலக்கத்தை விழுங்காது.

மஸ்கெலியா டீச்சர்:
' வேலை செய்தது தம்பி, நன்றி. ஒரு பிள்ளை சதுரக் கொப்பியில் ஒன்பது வரியையும் ஒவ்வொரு கட்டம் இடப்பக்கம் தள்ளித் தள்ளி எழுதியிருந்தாள். நிரலாகக் கூட்டினால் 9 வரை ஏறி மறுபடி 1க்கு இறங்குகிறது. “நல்லதண்ணியில இருந்து மலை ஏறி இறங்குற மாதிரி டீச்சர்” என்றாள், சிவனொளிபாத மலைக்கு ஏறத் தொடங்கும் ஊரைச் சொல்லி. உடனே பின்வாங்கில் ஒருவன், “பத்து ஒண்ணு போட்டா?”

பண்டாரவளை சேர்:
நல்ல கேள்வி! நடு நிரலில் 10 வரும், 1ஐ இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும், அதோடு அழகு குலைந்தது: 1234567900987654321. அப்புறம் உங்கள் எண்ணின் காரணிகளையும் தாளில் போடுங்கள்: 3⁴ × 37² × 333667². ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால், அதை மீதியின்றி வகுக்கும் எண்களின் எண்ணிக்கை 5 × 3 × 3 = 45. வர்க்க எண் என்பதால்தான் அந்த எண்ணிக்கை ஒற்றைப்படை.

மஸ்கெலியா டீச்சர்:
காரணிகளைப் போட்டேன் சேர். பத்து ஒன்றின் விடையை அவனிடம் சொல்லவில்லை. பெருக்கிவிட்டு, ஏறும் வழியில் 8 எங்கே போனது என்று அவனே வந்து கேட்கட்டும்.