பின் பிரேக் பிஸ்டன் உள்ளே போக மறுக்கிறது: டிஸ்க், பேட் மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது

நெடுஞ்சாலைப் பயணி:

வணக்கம். கார் ஜாக்கியில் நிற்கிறது, பின் இடது சக்கரம் கழற்றிய நிலையில் இருக்கிறது. அவசரமாகத்தான் கேட்கிறேன்.

85,000 கிலோமீட்டர் ஓடிய கார். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். ஹேண்ட்பிரேக் கையால் இழுக்கும் வகை. இரண்டு வாரங்களாகப் பின்னாலிருந்து ஒரு கரகரப்பு கேட்டது. முதலில் பிரேக்கை மிதித்தால் மட்டும், பிறகு மிதிக்காமலேயே. இன்று சக்கரத்தைக் கழற்றியதும் திடுக்கிட்டுப் போனேன். டிஸ்கை இருபுறமும் அழுத்தும் பேட்டுகளில், வெளிப்பக்கத்துப் பேட்டில் பாதிக்கு மேல் லைனிங் (தேயும் பகுதி) மிச்சம் இருக்கிறது. உட்பக்கத்துப் பேட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் இரும்புத் தகடு டிஸ்கை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிஸ்கின் உள்முகம் முழுவதும் வளையம் வளையமாகக் கீறல்.

புது டிஸ்க் இரண்டும் பின்பக்கப் பேட் செட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். முன்பக்கப் பேட்டுகளை நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். அங்கே சி கிளாம்ப் வைத்து முறுக்கினால், பேட்டைத் தள்ளும் பிஸ்டன் அமைதியாக உள்ளே போய்விடும். இங்கே மயிரிழைகூட அசையவில்லை. பிஸ்டனின் முகத்தில் கூட்டல் குறி போல ஒரு பள்ளம் தெரிகிறது, முன்பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. இன்னும் பலமாக முறுக்கிப் பார்க்கலாமா?

முப்பது வருடப் பட்டறை:

தம்பி, முதலில் கிளாம்பைக் கழற்றிக் கீழே வையுங்கள். பலமாக முறுக்கவே கூடாது.

அதற்கும் முன்னால் இன்னொன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களா? பின் பிரேக் வேலைக்கு ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அப்படியானால் வண்டியைப் பிடித்திருக்க வேறு பிடிமானம் வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள், கியரில் போடுங்கள், பின்னால் ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

அந்தக் கூட்டல் குறிதான் உங்கள் கேள்விக்கு விடை. உங்கள் காலிபரில், அதாவது பேட்டுகளையும் பிஸ்டனையும் தாங்கி டிஸ்கைக் கவ்வும் பாகத்தில், ஹேண்ட்பிரேக்கும் பிஸ்டனுக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் இழுக்கும் நெம்புகோல் உள்ளே ஒரு மரைத்தண்டைத் தள்ளுகிறது. பேட் தேயத் தேய அந்த மரை தானாகவே ஒவ்வொரு பல்லாக முன்னே வந்து, தேய்ந்த இடைவெளியை ஈடுகட்டும். ஆகவே பிஸ்டனை நேராக அழுத்தினால் அந்த மரை எதிர்த்து நிற்கும். அதையும் மீறி அழுத்தினால் உள்ளே இருக்கும் அமைப்பு உடையும், பிறகு காலிபரையே மாற்ற வேண்டி வரும். அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அதற்கென்று பிஸ்டன் திருகும் கருவி இருக்கிறது. அதன் முகத்தில் உள்ள இரண்டு முளைகள் அந்தப் பள்ளத்தில் உட்காரும்.

பெரும்பாலான வண்டிகளில் வலஞ்சுழியாகத் திருகினால் உள்ளே போகும். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் இடஞ்சுழி. திருகத் திருக வெளியே வருவதுபோல் தோன்றினால் உடனே நிறுத்தித் திசையை மாற்றுங்கள். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இது தெளிவாக இருக்கும்.

திருகும்போது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அது பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு துணி பிழிவதுபோல முறுகினால் நிறுத்துங்கள். விளிம்பை மெதுவாக விலக்கி, ரப்பருக்கு ஏற்ற கிரீஸ் துளி தடவி, பிஸ்டன் மட்டும் சுழலும்படி செய்யுங்கள். உறை கிழிந்தால் தண்ணீர் புகுந்து பிஸ்டன் துருப்பிடிக்கும்.

சனிக்கிழமை ஸ்பேனர்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் மேலே தொட்டிக்குத் திரும்பி வரும். மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டை ஒட்டி நின்றால் ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும்.

பட்டனை அழுத்தும் மின்சார ஹேண்ட்பிரேக் உள்ளவர்கள் இந்த உரையாடல் இழையைப் பார்த்து வேலையைத் தொடங்க வேண்டாம். அதில் காலிபரின் மேலேயே மோட்டார் இருக்கும். முதலில் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டாரின் பற்கள் போய்விடும்.

எண்ணெய்க் கை:

எல்லோரும் பிஸ்டனைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு வேறொரு கேள்வி உறுத்துகிறது. ஒரே காலிபரில் வெளிப் பேட் பாதி இருக்கிறது, உள் பேட் ஏன் முழுவதும் தீர்ந்தது? இதற்கு விடை காணாமல் புதுப் பேட்டைப் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

இந்த வகைக் காலிபரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கிறது. அது உள் பேட்டைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிபர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் (வழுக்கும் உலோகத் தண்டுகள்) மேல் நகர்ந்து வெளிப் பேட்டை இழுத்து அழுத்தும். ஸ்லைடு பின் இறுகிவிட்டால் காலிபர் நகராது. உள் பேட் மட்டுமே வேலை செய்யும், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் டிஸ்கை விட்டு விலகாது. இரண்டு பின்களையும் கையால் தள்ளிப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிப் போய், விட்டதும் மெல்லத் திரும்ப வேண்டும்.

நெடுஞ்சாலைப் பயணி:

ஸ்டாண்டு வைத்துவிட்டேன், கட்டையும் கொடுத்துவிட்டேன். மிக்க நன்றி ஐயா.

எண்ணெய்க் கை அவர்கள் சொன்னது அப்படியே உண்மை. மேல் பின் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. குறடால் பிடித்து இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதன் மேல் கிரீஸ் என்று சொல்ல ஒரு துளியும் இல்லை. பொடிப்பொடியாகச் செந்துரு உதிர்ந்தது, ரப்பர் உறையின் வாய் ஊதிப் பெருத்து, வளையத்தில் உட்காராமல் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தைய முறை பேட் மாற்றிய பட்டறையில் இந்தப் பின்னைக் கழற்றியே பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அடுத்த சிக்கல். டிஸ்கை ஹப்போடு (சக்கரமும் டிஸ்கும் பொருந்தும் நடுப்பகுதி) பிடித்திருக்கும் சிறிய ஸ்க்ரூ வரவில்லை. தலையின் பள்ளம் மழுங்கத் தொடங்கிவிட்டது.

எண்ணெய்க் கை:

ஊதிப் பெருத்த ரப்பர் இருந்தால், யாரோ ஒரு காலத்தில் சாதாரண கிரீஸ் தடவியிருக்கக்கூடும். பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்த கிரீஸ் இந்த ரப்பரைப் பெருக்கவைத்துப் பின்னை இறுக்கிவிடும். பிரேக் பின்னுக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸை மட்டும் பயன்படுத்துங்கள். பின்னைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் பின்னும் உறையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள், தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம். பின் நுழையும் துளையையும் சுத்தம் செய்ய மறக்காதீர்கள். கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். துளையில் அப்பினால் காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும்.

முப்பது வருடப் பட்டறை:

ஸ்க்ரூவுக்கு: துருநீக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு சுத்தியலால் தட்டினால் தட்டும்போதே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் கிடைத்தால் அதுவே சிறந்தது. அதற்கும் வரவில்லையென்றால் தலையைத் துளைபோட்டு எடுத்துவிடலாம். அது அசெம்பிளியின்போது டிஸ்க் நழுவாமல் பிடிக்கும் ஸ்க்ரூ மட்டுமே. உண்மையில் டிஸ்கை இறுக்கிப் பிடிப்பவை சக்கரத்தின் போல்ட்டுகள்.

பிறகும் டிஸ்க் ஹப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். சில டிஸ்குகளில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினால் டிஸ்க் தானே கழன்று வரும். துளை இல்லையென்றால், பழைய டிஸ்க்தானே, பின்பக்கமிருந்து சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பேரிங் மேல் பாரம் விழாதபடி விளிம்பில் ஒரே இடத்தில் ஓங்கி அடிக்காதீர்கள்.

புது டிஸ்க் போடுவதற்கு முன் ஹப்பின் முகத்தைப் பளபளக்கும் வரை தேயுங்கள். இங்கே ஒரு துருச் செதில் மிஞ்சினாலும் டிஸ்க் நேராக உட்காராது. விளிம்பில் அது பெரிதாகும், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துப் பெடலில் துடிப்பாகத் தெரியும். புது டிஸ்கில் துருவைத் தடுக்கும் எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைப் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு விரல் படாமல் வேலையைப் பாருங்கள்.

கிலோமீட்டர் கணக்கு:

நடுவே நுழைவதற்கு மன்னியுங்கள். என் காரிலும் பேட் தேய்ந்துவிட்டது, டிஸ்க் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பேட் மட்டும் மாற்றினால் போதாதா?

சனிக்கிழமை ஸ்பேனர்:

பார்வையை நம்பாமல் அளந்து பாருங்கள் நண்பரே. டிஸ்கின் விளிம்பிலோ நடுத்தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். பின்பக்க டிஸ்க் பல வண்டிகளில் புதிதாக 10 மில்லிமீட்டர், கடைசி அளவு 8. அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். விளிம்பில் எழும்பிய வரம்பு இருப்பதால், தடிமன் அளக்கும் வெர்னியர் அங்கேயே மோதி, உண்மையைவிடத் தடிமனாகக் காட்டும். இருபுறமும் ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை வைத்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிமனைக் கழியுங்கள். அளவு நன்றாக இருந்து, ஆழமான கீறலும் விரிசலும் இல்லையென்றால் பேட் மட்டும் மாற்றலாம். ஆனால் இழையைத் தொடங்கியவரின் டிஸ்கை இரும்புத் தகடு அறுத்திருக்கிறது. அதற்கு அளவே தேவையில்லை.

இன்னொன்று: டிஸ்கும் பேட்டும் எப்போதும் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாறும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். கிளிப் எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கம் கண்ணாடியாக இருக்கும்.

நெடுஞ்சாலைப் பயணி:

டிஸ்க் வந்துவிட்டது! ஹப்பைத் தேய்த்தேன், பின்களை மாற்றினேன், பிஸ்டனும் கருவியால் திரும்பி உள்ளே போனது. எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தேன். இடது சக்கரம் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறது. வலது பக்கம் தாராளமாகச் சுற்றுகிறது. எங்கே தவறினேன்?

முப்பது வருடப் பட்டறை:

இரண்டு இடங்களைப் பாருங்கள். உள் பேட்டின் பின்னால் ஒரு சிறிய முளை இருக்கிறதா? அது பிஸ்டனின் கூட்டல் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பள்ளம் சற்றுத் திரும்பி நின்றால் முளை மேடேறி நிற்கும், பேட் சாய்வாக டிஸ்கை அழுத்தும். பிஸ்டனை இன்னும் கொஞ்சம் திருகி நேராக்குங்கள்.

அடுத்து, காலிபரின் பின்னால் ஹேண்ட்பிரேக் நெம்புகோலைப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலையில் அது நிறுத்தத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் இருந்தால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது நெம்புகோலே துருவில் சிக்கியிருக்கிறது. கேபிளைக் கழற்றியதும் நெம்புகோல் தானாகத் திரும்பினால் கேபிளிலும், அப்போதும் திரும்பாவிட்டால் காலிபரிலும் கோளாறு.

நெடுஞ்சாலைப் பயணி:

முதல் இடத்திலேயே பிடித்துவிட்டேன் ஐயா. முளை பள்ளத்துக்கு வெளியே நின்றிருந்தது. பேட்டின் பின்தகட்டில் புதிதாக ஒரு சிராய்ப்பும் தெரிந்தது. பிஸ்டனைக் கால் சுற்றுத் திருப்பியதும் பேட் சொடக்கென்று உட்கார்ந்தது. நெம்புகோல் இரண்டும் முட்டி நிற்கின்றன. சக்கரம் இப்போது லேசான உரசலோடு சுற்றுகிறது.

சனிக்கிழமை ஸ்பேனர்:

அருமை. போல்ட்டுகளைக் கையேட்டு அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள், முதல் மிதி தரைவரை போகும். பெடல் கெட்டியான பிறகே ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். ஆயில் மட்டத்தைப் பாருங்கள். புதுப் பேட்டும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழக, வெறிச்சோடிய சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை பிரேக்கை மிதமாகப் பிடித்து விடுங்கள், நடுநடுவே ஆறவிட்டுப் பத்து முறை. சூடான டிஸ்கோடு நின்று பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

நெடுஞ்சாலைப் பயணி:

மூன்று நாட்கள், 210 கிலோமீட்டர். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் இரண்டு பின்சக்கரங்களுக்கு அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்க்கிறேன், இரண்டும் ஒரே சூடு. கரகரப்பு இல்லை. இன்று காலை வலது பக்கத்துப் பின்களையும் கழற்றிப் பார்த்தேன். கீழ்ப் பின் அங்கேயும் காய்ந்துதான் கிடந்தது, இன்னும் இறுகவில்லை. துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவி மாட்டிவிட்டேன். அடுத்து முன்பக்கத்தைப் பார்க்கப் போகிறேன்.